திப்பிக் கட்டு

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் வருகிறவர்களுக்குச் சின்னுசாமிக் கவுண்டரின் கிழங்கு ஆலை கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்கில் பட்டுவிடும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைத் தோலுரித்து அரைத்துப் பால் பிழிந்து தொட்டிகளில் தேக்குவார்கள். மாவு அடியில் தங்கும்; அதுதான் சவ்வரிசியாகும். மேலே நிற்கிற தண்ணீரைத் திறந்துவிட்டால் அது வேலியோரம் போய்க் குட்டையாகக் கட்டி, வெயில் ஏற ஏற நுரைத்து, புளித்து, புழு வைத்து நாறும். பிழிந்த சக்கைக்குத் திப்பி என்று பேர். அது களத்தோரம் அம்பாரம் அம்பாரமாகக் கிடக்கும். மாடுகள் அதை ஆசையாகத் தின்னும். தின்றுவிட்டு அதே வாடையில் சாணி போடும்.

ஆலையில் மாவு சுரண்டுகிற பெண்கள் பஸ் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் போய்விடுவார்கள். கவுண்டர் வீடு களத்தை ஒட்டியே இருந்ததால் கவுண்டர் பெண்சாதி கண்ணாத்தாளுக்கும் அதே கதிதான். சேலையை எத்தனை முறை துவைத்தாலும் மடிப்பில் அந்தப் புளிப்பு நிற்கும். தலையில் பூ வைத்தால் பூ நாறும். மோர் குடிக்கும்போது எது மோரின் புளிப்பு, எது ஆலையின் புளிப்பு என்று அவளுக்கே தெரியாது. ஆலை வந்த புதிதில் வாந்தி எடுத்தாள். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் அவளுக்கு அதைவிட அருவருப்பாக இருந்தது.

அந்தத் தை மாதம் வீட்டுக்குள் இன்னொரு நாற்றம் புகுந்தது. அது வேறு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கவுண்டருக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. களத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கெண்டைக்கால் இறுக்கிக்கொள்ளும். சுருட்டுப் பிடித்தால் சரியாகிவிடும் என்று இன்னும் இரண்டு பிடித்தார். கால்விரல் கறுத்த பிறகுதான் வடக்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுக்குள் இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் இரண்டு காலுக்கும் பிரிகிற இடத்தில் அடைத்துப்போயிருக்கிறது என்றார்கள். வயிற்றைத் திறந்து அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்த ஒரு துணிக்குழாயைத் தைத்து வைத்தார்கள். ஒரு கால் வலது தொடை இடுக்கில் முடிந்தது. இன்னொன்று இடது இடுக்கில்.

அங்கே தெரசம்மாள் என்று ஒரு நர்ஸ். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வேதக்காரப் பெண். ஊர்க்காரி என்பதால் கண்ணாத்தாளிடம் ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் புறப்படும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அக்கா, இது துணிதான். நம்ம தசையிலே சேர்த்துத் தச்சிருக்கு. தையல் எப்பவும் தையல்தான். அஞ்சு வருசம் கழிச்சானாலும் சரி, பத்து வருசம் ஆனாலும் சரி, தொடை இடுக்குல ஒரு கட்டி வந்து அது நாடி மாதிரி துள்ளுச்சுன்னு வையுங்க, யாரையும் தொட உடாதீங்க. குத்தவோ கீறவோ உட்டுட்டீங்கன்னா கண் மூடித் தொறக்கறதுக்குள்ள ஆள் போயிருவாரு. நேரா இங்க கொண்டாந்துருங்க."

கவுண்டரும் அதைக் கேட்டார். "அதெல்லாம் பொம்பளைங்க பேச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஊர் திரும்பியதும் அவருக்குப் புதுப் பவிசு வந்துவிட்டது. வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒறம்பரை என்று சொந்தம் யார் வந்தாலும் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார். மார்க்குழியிலிருந்து அடிவயிறு வரைக்கும் பூரான் ஊர்ந்த மாதிரி தழும்பு.

"கைய வெச்சுப் பாருய்யா! வெள்ளைக்காரன் தெச்சது. நம்ம அம்மாபேட்டைக்காரன் நெய்யற துணியில்லே, சீமைத் துணி. நாஞ்செத்துச் சுட்டாலும் அது மட்டும் நிக்குமாக்கும்."

வந்தவர்களும் கையை வைத்துப் பார்த்தார்கள். வெற்றிலைக் கையோடு வைத்தார்கள். கண்ணாத்தாள் காப்பித் தண்ணியை நீட்டும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். சுருட்டை மட்டும் கவுண்டர் விடவில்லை. "கொழா புதுசாயிருச்சு, இனிமே பொகை என்ன பண்ணும்?" என்பார். கட்டிலுக்கடியில் இருக்கிற போசியில் துப்புவார். அந்தப் போசியைக் கழுவுவது அவள் வேலை.

மார்கழிக் கடைசியில் வலது தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவில் ஒன்று தலைகாட்டியது. குளிக்க வெந்நீர் ஊற்றும்போது கண்ணாத்தாள் பார்த்தாள். அது துள்ளியது. தண்ணீர் வழிகிற தோலுக்கடியில் தவளை ஒன்று மூச்சுவிடுகிற மாதிரி துள்ளியது.

"ஏனுங்க, இது அந்தப் புள்ள சொன்ன கட்டியுங்க."

"எந்தப் புள்ள?"

"தெரசம்மாளுங்க. துள்ளுச்சுன்னா கொண்டாரச் சொன்னாளுங்களே."

"துள்ளாமச் சும்மா கெடந்தாத்தான் பயம். கொழா நல்லா வேலை செய்யுதுடி, அதான் துள்ளுது. கெணத்து மோட்டார் ஓடுனா பைப்பு அதுருமா அதுராதா?"

"அதில்லீங்க..."

"உன்ற வாய்ல நல்ல வார்த்தையே வராதா?" என்று செம்பைத் தூக்கி எறிந்தார். அது அவள் முழங்காலில் பட்டு, வாசல்வரைக்கும் உருண்டது. செம்பின் வாய் நசுங்கிப்போனது.

அன்றைக்கு அவள் வாயை மூடினாள். மூடியவள் திறக்கவில்லை. ஒறம்பரைகளுக்கு அவர் இப்போது வயிற்றோடு சேர்த்து வேட்டி மேலேயே அந்தக் கட்டியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டவர்கள் "அடேயப்பா, குதிரையாட்டம் உதைக்குதுங்கோ" என்று சிரித்தார்கள். அவள் சமையல்கட்டில் கொள்ளுப் பருப்பைக் கடைந்துகொண்டே, போகட்டும், தொலையட்டும் என்று நினைத்தாள். ஒருமுறை அல்ல, பல தடவை நினைத்தாள்.

பொங்கல் கழிந்ததும் கட்டி சிவந்தது. நடக்க முடியவில்லை. இரவெல்லாம் முனகினார். அப்போது கவுண்டரின் அக்காள் பாப்பாயி ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்து இறங்கினாள். பருத்த உடம்பு, காதில் தண்டட்டி, எதையும் இரண்டாம் முறை கேட்காத குணம்.

"இதுக்கா அத்தாம்பெரிய ஆஸ்பத்திரி? இது அரையாப்புக் கட்டி கண்ணாத்தா. எங்கூட்டு மயிலைக்காளைக்கு இதே எடத்துல வந்துச்சு. திப்பியைச் சுடச்சுட வெச்சுக் கட்டுனோம். பழுத்துச்சு. ஆண்டி வந்து முள்ளுல ஒரு குத்து. மக்யா நாளு விடிஞ்சதும் ஏரு பூட்டியாச்சு."

"நங்கையா, இது மாட்டுக் கட்டி இல்லீங்க."

"மாட்டுக்கு ஆவறது மனுசனுக்கு ஆவாதா? மாடு அவனைவிட வெவரமானது. சுருட்டுக் குடிக்குதா?"

கவுண்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மகன் கந்தவேலும் சிரித்தான். இருபத்தைந்து வயதாகியும் அப்பன் சிரித்தால்தான் சிரிப்பான், அப்பன் முறைத்தால் தானும் முறைப்பான்.

கிழங்கு அரைக்கிற பக்கத்தில் மாட்டுக்குக் கட்டி வந்தால் திப்பிக் கட்டுப் போடுவது எல்லா வீட்டிலும் வழக்கம்தான். புளித்த திப்பியைச் சட்டியில் போட்டு மஞ்சளும் விளக்கெண்ணெயும் விட்டுக் கிளறி, ஆவி பறக்கப் பழந்துணியில் வைத்துக் கட்டுவார்கள். சூட்டில் கட்டி இளகி முகம் வைக்கும். பாப்பாயி காலையில் ஒன்று, பொழுதோடு ஒன்று என்று கட்டினாள். அவிழ்த்த துணியை வாய்க்காலில் அலசுவது கண்ணாத்தாள்.

அங்கேதான் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. திப்பியின் நாற்றம் புளித்த நாற்றம். அதில் ஒரு வயல் இருக்கும், ஒரு மாட்டுக்கொட்டாய் இருக்கும். இந்தத் துணியில் இருந்தது அதற்கு அடியில் படுத்திருந்த வேறொன்று. அரிசிப்பானைக்குப் பின்னால் எலி செத்து மூன்று நாள் தெரியாமல் கிடந்தால் வருமே, அது. துணியில் மஞ்சளோடு மஞ்சளாகச் சீழ் ஒட்டியிருந்தது. சூட்டில் வெந்த தோல் கழன்று, தக்காளித் தோல் மாதிரி சுருண்டு வந்தது. அதை விரலால் உருவி எடுக்க வேண்டியிருந்தது. கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். சோற்றில் கை வைத்தால் குமட்டியது. இரண்டு நாளாகக் கரண்டியால் எடுத்து உண்டாள்.

வீட்டில் யாருக்கும் எதுவும் நாறவில்லை. எல்லாமே ஆலை என்று மூக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது.

"கட்டு நாறுதுங்க நங்கையா."

"ஊரே நாறுது. புதுசா என்ன?"

வெள்ளிக்கிழமை மாட்டு வைத்தியன் ஆண்டி வருவதாக ஏற்பாடு. குத்துவதற்கு முன்னால் கருப்பனாருக்குப் பொங்கல் வைத்து, கிடாய் வெட்டி, சொந்தங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் ஆபரேஷனுக்குச் சோறு போடவில்லை என்று குறை சொன்னவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நல்ல வெயில். களத்தில் சவ்வரிசி வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் தலை குனிந்து வரிவரியாகக் கால்களால் கோதிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வறுக்கிற கொட்டாயிலிருந்து புகை. அடுப்படியில் கறி கொதித்தது. ஆசாரத்தில் பந்தி உட்கார்ந்தது.

ஆண்டி ஒல்லியான ஆள். கடைவாயில் கள்ளின் ஈரத்தோடு வந்தான். வேலாமுள் மூன்றை மடியிலிருந்து எடுத்து, ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டு, நீளமானதைத் தேர்ந்து காதில் செருகிக்கொண்டான்.

"உண்டுட்டுக் குத்தலாங்களா, குத்திப்போட்டு உங்கலாங்களா?"

"உண்டுட்டே குத்து" என்றாள் பாப்பாயி. "பசியோட குத்துனா கை நடுங்கும். கண்ணாத்தா, நீ போயிக் கட்டை அவுத்து வை."

உள்அறையில் கவுண்டர் காய்ச்சலில் கிடந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சுருட்டு வாடையும் மூத்திர வாடையும் திப்பி வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. கண்ணாத்தாள் முந்தானையை மூக்கில் இறுக்கிக்கொண்டு குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். திப்பி காய்ந்து ஓடு கட்டியிருந்தது. மெதுவாகத் தூக்கினாள்.

அடியில் புது ரத்தம். சீழ் கலந்த கறுப்பு ரத்தம் இல்லை. சேவல் அறுத்த மாதிரி செக்கச்செவேலென்று. திப்பிக்குள் ஒரு கைப்பிடி ஊறி இருந்தது. கட்டியின் முனையில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. கட்டி துள்ளும்போதெல்லாம் அந்தப் புள்ளி அசைந்தது.

"என்னடி பாக்கற?" என்றார் கவுண்டர். குரல் சிறுத்திருந்தது.

வெளியில் ஆண்டி எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கட்டை அவிழ்த்தாச்சு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால் போதும். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். நசுங்கிய செம்பு மூலையில் இருந்தது. அதை ஒருகணம் பார்த்தாள்.

பிறகு அவள் கவுண்டரின் வலக்கையைப் பிடித்து மடித்த துணியோடு கட்டியின்மேல் வைத்து அழுத்தினாள். "எடுக்காதீங்க. எடுத்தா செத்துப்போவீங்க." திப்பியையும் துணியையும் வட்டலில் அப்படியே அள்ளிக்கொண்டு ஆசாரத்துக்கு வந்தாள். பந்திக்கு நடுவே, பாப்பாயியின் இலைக்கும் ஆண்டியின் இலைக்கும் இடையில், கறிக்குழம்புப் போசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மோந்து பாருங்க."

"ஐயோ கருமம்! சோத்துல கொண்டாந்து வெக்கறா பாரு!"

"ஆலை நாத்தமான்னு மோந்து பாருங்க நங்கையா. தினமும் நாந்தானே அலசுனேன்? இன்னைக்கு ஒருக்கா நீங்க மோந்து பாருங்க. ஆண்டி, நீயும் குனி."

பாப்பாயி குனியாமலே நாற்றம் வந்துவிட்டது. வட்டலில் இருந்து எழுந்த வாடை அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடினாள், வாயைப் பொத்தினாள், உண்டதெல்லாம் இலையிலேயே வந்து விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். ஒருவர் வாந்தியெடுக்க, அதைப் பார்த்து இன்னொருவர்.

ஆண்டி மட்டும் வட்டலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். காதிலிருந்து முள்ளை எடுத்துக் கீழே போட்டான்.

"செவப்பு ரத்தமுங்களா அது? என்னை உட்ருங்க தாயி. மாடு செத்தா வேற மாடு. கவுண்டர் செத்தா என்னைத் தொங்க உட்டுருவாங்க." கையைக்கூடக் கழுவாமல் வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

"கந்தவேலு!" கண்ணாத்தாள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. களத்துப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "களத்துல நிக்கற லாரியில மூட்டையை எறக்குடா. அப்பனைத் தூக்கிப் போடு. வடக்க போவோணும்."

"அத்தை என்ன சொல்றாங்கன்னு..."

"உங்கத்தை வாந்தி எடுத்து முடிக்கட்டும். நீ லாரியை எடு."

சவ்வரிசி மூட்டைகளில் பாதியை அவசரமாக உருட்டித் தள்ளினார்கள். மீதி மூட்டைகள்மேல் கவுண்டரைக் கிடத்தினார்கள். அவர் கை தளர்ந்துகொண்டே வந்ததால் கண்ணாத்தாள் தன் கையை வைத்தாள். ஆத்தூர் ரோட்டுக்குத் திரும்பும்போதே துணி நனைந்துவிட்டது. வேறு துணி இல்லை. முந்தானையைச் சுருட்டி வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, முழங்கையை மடிக்காமல் உடம்புப் பாரத்தை முழுதும் அதன்மேல் இறக்கினாள்.

அது அவள் கைக்கடியில் துள்ளிக்கொண்டே இருந்தது. சூடாக, வழுவழுவென்று, பிடிக்குள் அடங்காத ஒரு பிராணி மாதிரி. லாரி குலுங்கும்போது ஒருபக்கம் நழுவும். அவளும் கூடவே நகர்ந்து பிடிப்பாள். விரலிடுக்கில் ரத்தமும் சீழும் மஞ்சளும் கசிந்து முழங்கை வரைக்கும் ஓடின. ஈ மொய்த்தது. ஓட்ட இன்னொரு கை இல்லை. அது லாரிக் கம்பியைப் பிடித்திருந்தது. வழியில் இரண்டுதரம் மூட்டைமேலேயே வாந்தி எடுத்தாள். கையை எடுக்கவில்லை.

"கண்ணாத்தா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நாறுதா?"

"நாறுதுங்க."

"எனக்கு ஒண்ணுந் தெரியலையே."

"உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சிருக்குது?"

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. தெரசம்மாள் அங்கேயே இருந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தாள். ஸ்ட்ரெச்சரோடு கூடவே ஓடி வந்தவள் கண்ணாத்தாளின் கையை எடுக்கவிடவில்லை. ஆபரேஷன் அறை வாசல்வரைக்கும் அப்படியே அழுத்தியபடி நடக்கச் சொன்னாள். அங்கே டாக்டரின் கை வந்து பிடித்த பிறகுதான் கண்ணாத்தாள் கையை எடுத்தாள். விரல்கள் நிமிரவில்லை. தெரசம்மாள்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள்.

"இதென்னக்கா, மஞ்சக் களி?"

"திப்பி. மாட்டுக்குக் கட்டறது."

தெரசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "உயிரோட இருக்கற மனுசனை மாடுன்னு வெச்சுக் கட்டியிருக்கீங்களே. துப்பு கெட்ட ஊருதான்க்கா நம்ம ஊரு."

"ஆமா சாமி" என்றாள் கண்ணாத்தாள்.

வலதுபக்கத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். அழுகிய இடத்தை விட்டு விலகி, சதைக்குள் வேறு வழியில் புதுக்குழாய் விட்டுத் தைத்தார்கள். காலில் இரண்டு விரல் போனது, கால் தப்பியது. பிறகொரு நாள் தெரசம்மாள் அவளை வராந்தாவில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். துணி கெடவில்லை. தைத்த பட்டுநூல்தான் உடம்புக்குள்ளேயே ஊறி நைந்து விட்டுப்போயிருக்கிறது. விட்ட இடத்தில் ரத்தம் வெளியே வந்து பை கட்டியிருக்கிறது. திப்பிச் சூடு அந்தப் பையின் மேல்தோலை வேகவைத்துச் சீழை உள்ளே விட்டிருக்கிறது.

"இந்தப் பக்கம் இனிமே நைலான் நூல்தான்க்கா. அது விடாதுன்னு சொல்றாங்க."

"அந்தப் பக்கம்?"

தெரசம்மாள், "அந்தப் பக்கம் அன்னைக்குத் தச்ச அதே பட்டுநூல்தான். இப்ப தொறந்தா தாங்கமாட்டாரு. தினமும் கை வெச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. எலந்தப்பழம் அளவு வந்தாலும் ஏத்திக்கிட்டு வந்துருங்க. ஆனா வேற யார் கையும் வேண்டாம்" என்றாள்.

மாசி கழிந்து ஊர் திரும்பியபோது பாப்பாயி வாசலில் ஆரத்தியோடு நின்றாள். அவள் ஊரெல்லாம் ஒரு கதையைச் சொல்லி வைத்திருந்தாள்: திப்பிக் கட்டுத்தான் விஷத்தை மேலே இழுத்து வந்தது, இல்லையென்றால் உள்ளேயே வெடித்து அவன் போயிருப்பான், டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வந்து பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள். வெட்டின கிடாய் அன்றைக்கு வீணாய்ப் போனதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினார்கள். கண்ணாத்தாள் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்துச் சொல்லுமளவுக்கு அவர்கள்மேல் அவளுக்கு அக்கறை இல்லை.

மூன்றாம் நாள் வந்த ஒறம்பரை ஒருவர், "இன்னுந் துள்ளுதுங்களா கவுண்டரே, தொட்டுப் பாக்கலாங்களா?" என்று கையை நீட்டிக்கொண்டு கட்டிலருகே வந்தார். கவுண்டரின் கை பழைய வழக்கத்தில் வேட்டிப் பக்கம் போனது.

"மூடுங்க" என்றாள் கண்ணாத்தாள், நிலைப்படியிலிருந்து.

வந்தவர் சிரித்துச் சமாளித்தார். கவுண்டர் மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிந்தது. கிழங்கு அரைக்கிற சத்தம் தொடங்கியது. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்; நாற்றம் ஜன்னல் வழியாக எப்போதும்போல உள்ளே வந்தது. கண்ணாத்தாள் உள்அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் வேட்டியைத் தளர்த்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுண்ணாம்பும் மருந்தும் வியர்வையும் கலந்த அந்த உடம்பின் வாடை அவள் மூக்கில் ஏறியது. உள்ளங்கையை இடது தொடை இடுக்கில் வைத்தாள்.

அடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. மேலே எழவில்லை. தன் இடத்திலேயே, தோலுக்கு வெகு கீழே, மெல்ல.

"என்ன புள்ள?" என்றார் கவுண்டர், சுவரைப் பார்த்தபடி. செம்பை எறிந்த குரல் அல்ல அது.

"இன்னைக்கு இல்லீங்க."

கையை எடுத்து முந்தானையில் இரண்டு பக்கமும் அழுந்தத் துடைத்தாள். கட்டிலுக்கடியில் இருந்த போசியை எட்டிப்பார்த்தாள். அதில் புதுசாக ஒரு சுருட்டுத் துண்டு மிதந்தது. போசியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தாள்.